இப்னு கல்தூனை மேற்கோள் காட்டுவதும் ஓர் அமானிதமே

முஸ்லிம்கள் அறிவுலகுக்கு ஆற்றிய பங்களிப்பைப் பற்றிப் பேசும் மேடைகளில் அல்லாமா இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களின் பெயர் தவறாமல் ஒலிக்கிறது. 'சமூகவியலின் தந்தை', 'பொருளியலின் முன்னோடி' என்னும் பட்டங்களும் உடன் வருகின்றன. ஆனால், அவர் எந்த நூலில் எதைச் சொன்னார், ஏன் சொன்னார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்? ஒருவர் சொன்னதை மற்றவர் ஆராயாமல் திரும்பச் சொல்வதையே வரலாற்றாசிரியர்களின் பெருங்குறையாகக் கண்டவர் அவர். அவரைப் பற்றியே நாம் அவ்வாறு பேசுவோமாயின், அது அவருக்குச் செய்யும் சிறப்பாகாது.

ஹிஜ்ரி 732ஆம் ஆண்டு ரமளான் முதல் நாளில் (கி.பி. 1332) துனிஸ் நகரில் அவர் பிறந்தார். இளமையிலேயே பெருங்கொள்ளைநோய் அவருடைய பெற்றோரையும் ஆசிரியர்கள் பலரையும் கொண்டுபோயிற்று. எஞ்சிய ஆசிரியர்களுள் ஒருவரான அல்ஆபிலீயிடம் தர்க்கம் முதலிய கலைகளைக் கற்று, இமாம் ராஸீ (ரஹ்) அவர்களின் 'அல்முஹஸ்ஸல்' நூலைத் தம் பத்தொன்பதாம் வயதில் சுருக்கி எழுதினார். பின்னர் ஃபெஸ், கிரனாடா, பிஜாயா அரசவைகளில் பணியாற்றினார், சிறைவாசமும் கண்டார். இறுதியில் அரசியலைத் துறந்து, இன்றைய அல்ஜீரியாவிலுள்ள கல்அத் இப்னு ஸலாமா என்னும் கோட்டையில் தங்கினார். அங்கேதான் 1377இல், ஐந்து மாதங்களில், 'முகத்திமா'வின் முதல் வடிவம் உருவாயிற்று. 'கிதாபுல் இபர்' என்னும் பெரிய வரலாற்று நூலுக்கு அது முன்னுரையாக அமைந்தது.

வரலாற்றில் பொய் எவ்வாறு நுழைகிறது என்னும் கேள்வியோடு அந்நூல் தொடங்குகிறது. தன் கூட்டத்தின் மீதுள்ள பற்று, அறிவித்தவர் மீது வைக்கும் அளவுமீறிய நம்பிக்கை, ஆட்சியாளரை மகிழ்விக்கும் ஆசை எனக் காரணங்களை அடுக்கும் அவர், சமூக வாழ்வின் இயல்பை அறியாமையை அவை யாவற்றிலும் முதன்மையானதாகக் கருதுகிறார். மூஸா (அலை) அவர்களுடன் இருந்த இஸ்ரவேலர்களுள் படைக்குத் தகுதியுடையோர் 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர் என்று மஸ்ஊதி முதலியோர் எழுதியதை அவர் எடுத்துக்கொள்கிறார். அத்தனை பெரிய படையை எந்த நிலம் தாங்கும்? ஒரு முனையில் நிற்பவருக்கு மறுமுனையில் நடப்பது எவ்வாறு தெரியும்? யஃகூப் (அலை) அவர்களுக்கும் மூஸா (அலை) அவர்களுக்கும் இடைப்பட்ட சில தலைமுறைகளில் ஒரு குடும்பம் அவ்வளவு பெருகுமா? இவ்வாறு கேட்டு அந்த எண்ணிக்கையை அவர் மறுக்கிறார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஹதீஸ் கலையின் அறிவிப்பாளர் ஆய்வை அவர் குறைத்து மதிக்கவில்லை. மார்க்கக் கட்டளைகளைப் பொறுத்தவரை அறிவிப்பாளரின் நேர்மையே அடிப்படை என்கிறார். ஆனால் உலக நிகழ்ச்சிகளைப் பற்றிய செய்தியில், அது நடந்திருக்கக்கூடியதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். நடக்க முடியாத செய்தியைச் சொன்னவர் யார் என்று ஆராய்வதில் பயனில்லை என்பது அவர் நிலை.

பொருளியலிலும் அவர் மனித வாழ்வின் இயல்பிலிருந்தே தொடங்குகிறார். ஒருநாள் உணவுக்கான கோதுமைக்கே அரைப்பவர், பிசைபவர், சுடுபவர் வேண்டும். அவர்களுடைய கருவிகளுக்குக் கொல்லரும் தச்சரும் குயவரும் வேண்டும். ஆகவே ஒத்துழைப்பின்றி மனித வாழ்வு இல்லை. மனிதன் ஈட்டுவதன் மதிப்பு பெரும்பாலும் அவனுடைய உழைப்பின் மதிப்பே. இதனாலேயே, கூலியின்றி மக்களை வேலை வாங்குவதைக் கொடிய அநீதிகளுள் ஒன்றாக அவர் எண்ணுகிறார். அநீதி நாட்டின் செழிப்பையே அழித்துவிடும் என்பது அவருடைய உறுதியான முடிவு.

மெய்யியலில் அவர் நிலையை ஒரு சொல்லில் அடக்க இயலாது. தத்துவவாதிகளை மறுக்கும் அத்தியாயம் ஒன்றை எழுதியவரே, தர்க்கம் சிந்தனையைக் கூர்மையாக்கும் என்றும் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் தஃப்ஸீரும் ஃபிக்ஹும் கற்றுத் தேர்ந்த பின்னரே அதில் இறங்க வேண்டும் என்கிறார். அறிவைப் பொன் நிறுக்கும் தராசுக்கு ஒப்பிட்டு, அத்தராசு சரியானதே, ஆனால் அதில் மலையை நிறுக்க முயலக் கூடாது என்று அதன் எல்லையைக் காட்டுகிறார்.

இத்தகைய நூலைப் பின்வந்தோர் எவ்வாறு கையாண்டனர்? கெய்ரோவில் அவரிடம் பயின்ற மக்ரீஸி அதை வியந்து புகழ்ந்தார். இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) அப்புகழ்ச்சியை முழுமையாக ஏற்கவில்லை. உஸ்மானிய வரலாற்றாசிரியர் நயீமா தம் நூலில் அவருடைய கருத்துகளைப் பயன்படுத்தினார். 18ஆம் நூற்றாண்டில் அது துருக்கி மொழிக்குச் சென்றது. 1858இல் பாரிஸில் அரபு மூலம் அச்சேறியது; 1958இல் ரோசந்தாலின் ஆங்கில மொழிபெயர்ப்பு மூன்று தொகுதிகளாக வெளிவந்தது.

1981இல் அமெரிக்க அதிபர் ரீகன் செய்தியாளர் சந்திப்பு ஒன்றில் இப்னு கல்தூனை மேற்கோள் காட்டினார். ஓர் ஆட்சியின் தொடக்கத்தில் குறைந்த வரியிலிருந்து மிகுந்த வருவாயும், அதன் இறுதியில் மிகுந்த வரியிலிருந்து குறைந்த வருவாயும் கிடைக்கும் என்பதே அக்கருத்து. வரிக்குறைப்பை நாடிய அவருக்கு அது துணையாயிற்று. மேற்கோள் பிழையானதன்று. முகத்திமாவில் அக்கருத்து உள்ளதுதான். ஆனால் தொடக்ககால வரி குறைவாக இருப்பதற்கு, ஷரீஅத் விதித்த அளவோடு ஆட்சியாளர் நின்றுகொள்வதையும் அவர்களுடைய எளிய வாழ்வையும் அவர் காரணமாகக் கூறுகிறார். பின்னர் வரி உயர்வதற்கு அரசவையின் ஆடம்பரம் காரணமாகிறது. அதே நூலில், அரசே மாபெரும் சந்தை. அது செலவிடாமல் பணத்தை முடக்கினால் மக்களின் வணிகம் தேயும், அதனால் வரி வருவாயும் குறையும் என்கிறார். ஒரு பக்கத்தை ஏந்தி மறுபக்கத்தை விடும்போது, சொல் அவருடையதாகவும் பொருள் வேறொருவருடையதாகவும் ஆகிவிடுகிறது.

இக்குறை அதிபர்களுக்கு மட்டும் உரியதன்று. 'எங்கள் அறிஞர் அன்றே சொன்னார்' என்று பெருமிதத்துக்காக அவரை எடுத்தாளும்போது நாமும் அதையே செய்கிறோம். தன் கூட்டத்தின் மீதுள்ள பற்றை, பொய் நுழையும் வாசல்களுள் ஒன்றாக அவர் எண்ணியதை அவ்வேளையில் மறந்துவிடுகிறோம்.

செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. கைப்பேசியில் நொடிக்கு நொடி செய்திகள் வந்துசேரும் இக்காலத்தில் அக்கட்டளையின் பாரம் கூடியுள்ளது. ஓர் அறிஞரின் பெயரால் ஒரு வாக்கியம் வந்தால், அது எந்த நூலில் உள்ளது, அதற்கு முன்னும் பின்னும் என்ன உள்ளது, அது அவர் சொல்லியிருக்கக்கூடியதா என்னும் மூன்று கேள்விகளைக் கேட்ட பின்னரே பிறருக்கு அனுப்புவோம். விடை கிடைக்காத இடத்தில் அனுப்பாமல் இருப்பதும் அமானிதத்தைப் பேணுவதே.

ஹிஜ்ரி 808ஆம் ஆண்டு ரமளானில் (கி.பி. 1406) அவர் கெய்ரோவில் மறைந்தார். அல்லாஹ் அவருக்கு அருள்புரிவானாக! கேட்டதை ஆராய்ந்து சொல்லும் கூட்டத்தில் நம்மையும் சேர்ப்பானாக! ஆமீன்.