நோய்தான், ஆனால் பொறுப்பு யாருடையது? - டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோசஸ் (1962)

குடிக்கு அடிமையானவன் குற்றவாளியா, நோயாளியா? இந்தக் கேள்விக்கு அமெரிக்கா காலத்துக்கு ஒரு பதில் சொல்லியிருக்கிறது.

1920-ல் அங்கே நாடு முழுவதும் மதுவிலக்கு வந்தது. மதுவை ஒழித்தால் குடிகாரனும் திருந்திவிடுவான் என்பது கணக்கு. கள்ளச்சாராயமும் ரவுடிக் கும்பல்களும் பெருகியதுதான் மிச்சம். 1933-ல் சட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள்.

1935-ல் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் இரண்டு குடிகாரர்கள் சந்தித்துக்கொண்டார்கள். ஒருவர் பங்குச்சந்தையில் வேலை பார்த்த பில் வில்சன், இன்னொருவர் பாப் ஸ்மித் என்ற டாக்டர். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அப்படித்தான் பிறந்தது. "என்னால் குடியைக் கட்டுப்படுத்த முடியவில்லை" என்று ஒப்புக்கொள்வதுதான் அங்கே முதல் படி. 1956-ல் அமெரிக்க மருத்துவச் சங்கமும், குடிநோயாளிகளை மற்ற நோயாளிகளைப் போலவே மருத்துவமனைகளில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றது.

சரி, நோய் என்று சொல்லியாயிற்று. அப்படியென்றால் குடிப்பவனுக்குப் பொறுப்பே இல்லையா? இந்த இடத்தில்தான் நம் படம் வருகிறது.

ஜே.பி.மில்லர் எழுதிய இந்தக் கதை 1958-ல் தொலைக்காட்சி நாடகமாக வந்தது. 1962-ல் பிளேக் எட்வர்ட்ஸ் இயக்கத்தில் திரைப்படமானது. ஜாக் லெம்மனும் லீ ரெமிக்கும் நடித்தார்கள்.

ஜோ சான்பிரான்சிஸ்கோவில் மக்கள் தொடர்பு வேலை பார்ப்பவன். குடியும் அவன் தொழிலில் ஒரு பகுதி. கிர்ஸ்டனுக்குக் குடிப்பழக்கமே கிடையாது, சாக்லேட் என்றால் மட்டும் உயிர். அதைத் தெரிந்துகொண்டு சாக்லேட் சுவையுள்ள பிராந்தி கலவை ஒன்றை அவளுக்கு வாங்கித் தருகிறான் ஜோ. அவ்வளவுதான்! கல்யாணம், குழந்தை, கூடவே தினமும் குடி. அவன் வேலை போகிறது. போதையில் அவள் வீட்டுக்கே தீ வைத்துவிடுகிறாள்.

ஒளித்து வைத்த ஒரு பாட்டிலைத் தேடி, மாமனாரின் கண்ணாடிச் செடிக்கூடத்தை ஜோ துவம்சம் செய்யும் காட்சி இருக்கிறதே, பார்க்கவே பயமாக இருக்கும். பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாக உடைக்கிறான், அழுகிறான், ஊர்கிறான். அவனைக் கெட்டவன் என்று திட்ட நமக்கு மனசு வராது. அது நோய்தான்.

ஆனால் படம் அங்கே முடியவில்லை. ஜோ அந்தச் சங்கத்தில் சேர்கிறான். நடுவில் ஒருமுறை விழுந்தும் எழுந்துவிடுகிறான். கிர்ஸ்டனோ தனக்கு நோய் இருப்பதாகவே ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் வீட்டுக்குத் திரும்பிவர ஆசைப்படுகிறாள், ஆனால் குடியை விடுவதாகச் சொல்ல அவளால் முடியவில்லை. ஜோ அவளை ஏற்க மறுக்கிறான். முதல் கோப்பையைக் கொடுத்தவனே இப்போது கதவையும் மூடுகிறான்! அவன் செய்தது சரியா?

சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவளைக் குடிக்கப் பழக்கிய பழி அவனுடையது, அதை அவனும் மறுக்கவில்லை. ஆனால் அவளுக்காக அவன் குடியை விட முடியாது, அவள்தான் விட வேண்டும். மறுபடி இருவரும் சேர்ந்து விழுந்தால் குழந்தையை யார் பார்ப்பது? அம்மா குணமாவாளா என்று மகள் கேட்கும்போது, நான் குணமாகவில்லையா என்கிறான் ஜோ. வெளியே மதுக்கடையின் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது. படம் முடிகிறது.

இன்னொரு செய்தி. ஜோவாக நடித்த லெம்மன், 1998-ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது, தானும் ஒரு குடிநோயாளி என்று சொன்னார். ஜோவுக்கு விடிவு வந்ததும் அந்த ஒப்புதலில்தான்.

நோய் வந்தது நம் குற்றமாக இல்லாமல் இருக்கலாம். மருந்தைக் குடிக்க வேண்டியவர் நாம்தான். அதைத்தான் இந்தப் படம் சொல்கிறது.