தானியம் சுமந்தோரின் தையல்

பெரம்பலூருக்கு வடக்கே திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டை, பதினேழாம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபுக்கு உட்பட்ட ஜாகிர்தார் ஒருவரால், அதாவது படைப்பணிக்கு ஈடாக ஒரு வட்டாரத்தின் வரி வருவாயை அனுபவிக்கும் உரிமை பெற்ற தலைவர் ஒருவரால், கட்டப்பட்டது. வெட்டுக்கற்களால் அமைந்து வெவ்வேறு உயரங்களில் எழும் மூன்று மதில் வரிசைகளும், அரைவட்டக் கொத்தளங்களும், சுற்றிலும் ஓடும் அகழியும், பேட்டை எனப்படும் கீழ்க்கோட்டையும், பீரங்கிகள் நின்ற கோட்டைமேடும் இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. ஆர்க்காட்டு நவாபின் பட்டத்துக்காக முகம்மது அலியும் சந்தா சாகிபும் போரிட்ட காலத்தில், 1751ஆம் ஆண்டு, அருகிலுள்ள வாலிகண்டபுரம் வட்டாரத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் நின்று மோதினர். கேப்டன் ஜிஞ்சன்ஸ் தலைமையில் வந்த ஆங்கிலப் படை கலைந்து, ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கியது. அப்படையில் இருந்த ராபர்ட் கிளைவ் அன்று படைத்தலைவர் அல்லர். வீரர்களுக்கு உணவுப் பொருள் திரட்டித் தரும் பொறுப்பிலிருந்த அதிகாரி என்பது, இக்கோட்டையின் வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் கடந்து சென்றுவிடும் செய்தியாகும்.

கடந்து செல்லத்தக்க செய்தி அன்று அது. தொடர்ந்து நடந்த திருச்சி முற்றுகைகளில் பீரங்கியைவிட அரிசி மூட்டையே பல வேளைகளில் முடிவைத் தீர்மானித்தது; 1753, 1754ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேயர் பக்கம் நின்ற படைத்தலைவர் யூசுப்கான் பெற்ற புகழில் ஒரு பெரும் பங்கு, எதிரியின் கண்ணில் மண்ணைத் தூவித் தானிய வண்டிகளை நகருக்குள் கொண்டுவந்து சேர்த்ததால் கிடைத்தது. அக்காலத்துப் படைகளுக்குத் தக்காணம் எங்கும் தானியமும் உப்பும் சுமந்தவர்களில் முதன்மையானோர், வடக்கே பஞ்சாரா என்றும், கன்னட நாட்டில் லம்பாணி என்றும், ஆந்திரத்தில் சுகாலி என்றும், தமிழகத்தில் லம்பாடி என்றும் அழைக்கப்படும் மக்களாவர். இராசத்தானி மொழிகளுக்கு நெருங்கிய ஒரு மொழியைப் பேசும் இவர்கள், பொதி மாடுகளைக் கூட்டங்கூட்டமாக ஓட்டிக்கொண்டு நாடு விட்டு நாடு சென்றவர்கள். அக்கூட்டத்துக்கும், அது தங்கும் இடத்துக்கும், பின்னாளில் அவர்கள் நிலைத்து வாழத் தொடங்கிய ஊருக்கும் தாண்டா என்ற ஒரே பெயர் வழங்குகிறது; அதன் தலைவர் நாயக் எனப்பட்டார். 1632ஆம் ஆண்டில் பீட்டர் மண்டி என்னும் ஆங்கிலப் பயணி, தானியம் ஏற்றிய 14,000 மாடுகள் கொண்ட தாண்டா ஒன்றைக் கண்டு எழுதிவைத்தார். அதே நூற்றாண்டில் வந்த பிரெஞ்சு வணிகர் தவேர்னியே, இத்தகைய மந்தைகள் எதிர்ப்பட்டால் அவை கடந்து முடிவதற்கு நாட்கணக்கில் காத்திருக்க நேர்ந்ததைக் குறித்துள்ளார். வாலிகண்டபுரத்துப் போருக்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1791–92இல் திப்பு சுல்தானுக்கு எதிராகச் சீரங்கப்பட்டணம் நோக்கிச் சென்ற ஆங்கிலத் தளபதி காரன்வாலிசின் படை பசியில் வாடியபோது அதைத் தாங்கி நிறுத்தியதும் இவர்கள் கொண்டுவந்த தானியமே.

படையெடுப்புகளின் வரலாறு படைத்தலைவர்களின் பெயரால் எழுதப்பட்டதால், சுமந்தவர்கள் அதில் எண்ணிக்கையாக மட்டுமே எஞ்சினர். அவர்கள் தம்மைப் பற்றித் தாமே விட்டுச்சென்ற சான்று கல்லிலோ ஏட்டிலோ இல்லை. அது பெண்களின் உடையில் இருந்தது. பேட்டியா எனப்படும் பெரிய பாவாடை, முதுகு திறந்து கயிற்றால் கட்டப்படும் காஞ்சளி என்னும் மேற்சட்டை, தலையிலிருந்து தொங்கும் முக்காட்டுத் துணி ஆகிய மூன்றிலும் கண்ணாடிச் சில்லுகள், சோழிகள், நாணயங்கள், ஈய மணிகள் பதித்து, வெவ்வேறு நிறத் துணித்துண்டுகளை ஒட்டிணைத்து, அவற்றின் மேல் அடர்த்தியாகப் பூத்தையல் போட்டனர். துணியில் முன்கூட்டி வரைந்துகொள்ளும் வழக்கம் இல்லை; பாவிழையையும் ஊடையிழையையும் ஊசி முனையால் எண்ணி எடுத்தே சதுரம், முக்கோணம், சாய்கோடு ஆகிய வடிவங்களை அமைத்தனர். வெலே, கிலன், மாக்கி, நக்ரா எனத் தையல் வகைகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. குடத்தைத் தாங்கும் சும்மாடும், பொதி மாட்டின் கொம்புக்கும் நெற்றிக்கும் கட்டும் அணியும், சுருக்குப் பையும் கூட இவ்வேலைப்பாட்டைப் பெற்றன. வீடென்று ஒன்று நிலைத்திராத வாழ்வில் கையோடு எடுத்துச் செல்ல முடிந்த பொருளிலேயே அழகு முழுவதும் சேர்ந்தது என்பதோடு, நெருக்கமான தையல் துணியின் ஓரங்களை வலுப்படுத்தி அதன் ஆயுளைக் கூட்டியது என்பதும் கருதத்தக்கது. இதை வெறும் அலங்காரம் என்று வகைப்படுத்துவது, அந்த உடையை உடுத்திப் பல நூறு மைல் நடந்த பெண்களின் அறிவைக் குறைத்து மதிப்பதாகும்.

பொதி சுமக்கும் தொழிலின் வீழ்ச்சி விரைவாக நடந்தது. உப்பு அரசின் தனியுரிமையாயிற்று. வண்டிச் சாலைகள் பெருகின. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடத் தொடங்கிய தென்னகத்தின் முதல் இரயில் பாதை அடுத்த சில பத்தாண்டுகளில் எல்லாத் திசைகளிலும் நீண்டபோது, பொதி மாட்டுக்கு வேலையில்லாமற் போயிற்று. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், நிலையான ஊரில்லாமல் அலைந்து வாழும் குழுக்களைப் பிறப்பாலேயே ஐயத்துக்குரியவர்களாக ஆக்கியது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. நாடு முழுவதும் அது நீங்க 1952 வரை காத்திருக்க நேர்ந்தது. லம்பாடிகளில் பல பிரிவினர் அச்சட்டத்தின் கீழ் வந்தனர். இப்படிப் பிழைப்பையும் நற்பெயரையும் ஒருசேர இழந்த ஒரு சமூகம், தன்னைத் தனியே காட்டிக்கொடுக்கும் உடையைக் களைந்து சேலைக்கு மாறியதில் வியப்பில்லை. உடை போனபின் அதைத் தைக்கும் கையும் ஓய்ந்தது.

ரஞ்சன்குடிக்கு மேற்கே பச்சைமலையும் அதற்கப்பால் கல்வராயன், சித்தேரி மலைகளும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதிகளாகத் தொடர்கின்றன. கல்வராயனுக்கும் சித்தேரிக்கும் இடையில், தருமபுரி மாவட்டத்தில், மலையாளி பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடித் தாண்டாக்களும் உள்ளன. 1993இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் அங்கே பழங்குடி மக்களுக்கான நலவாழ்வு அமைப்பு ஒன்றைத் தொடங்கினர். மழை பொய்த்த காலங்களில் இளையோர் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வேலை தேடிப் போவதைக் கண்ட லலிதா, தாண்டாப் பெண்கள் ஊரிலிருந்தபடியே ஈட்டக்கூடிய தொழில் எது என்று தேடியபோது, பெட்டிகளின் அடியில் கிடந்த பழைய பூத்தையல் உடைகளை அடைந்தார். இரண்டு தலைமுறைகளாகக் கைவிடப்பட்டிருந்த அக்கலையை நன்கறிந்தோராக அப்போது மிஞ்சியிருந்தவர்கள் மூத்த பெண்கள் இருவரே. அவர்களிடமிருந்து 2006ஆம் ஆண்டளவில் ஒரு சிறு குழுவினர் கற்றுக்கொண்டனர். கற்றவர்கள் மற்றவர்களுக்குக் கற்பித்தனர். அறுபதுக்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்து, தாங்களே உரிமையாளர்களாக இருக்கும் ‘போர்கை’ என்ற கைவினைஞர் சங்கமாக அது வளர்ந்தது. லம்பாடி மொழியில் அப்பெயருக்குப் பெருமிதம் என்பது பொருள்.

இங்கே நடந்ததன் அருமையை உணர, இரண்டு பேர் என்ற எண்ணைச் சற்று நின்று நோக்க வேண்டும். எழுதி வைக்கப்படாத கலைக்குக் கையே ஏடு. அந்த இருவரும் மறைந்தபின் அம்முயற்சி தொடங்கியிருந்தால், பழைய துணியைப் பிரித்துப் பார்த்துத் தையலின் வடிவத்தை ஊகித்திருக்கலாமேயன்றி, எந்தத் தையலை எந்த ஓரத்துக்குப் போடுவது, இழையை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பனவற்றைக் கற்றிருக்க முடியாது. கருநாடகத்தின் சண்டூரில் ‘சண்டூர் குஷல கலா கேந்திரம்’ இதே கலையை நெடுநாளாகப் பேணிவந்து, அதற்குப் புவிசார் குறியீடும், அதாவது ஒரு பொருள் ஒரு குறிப்பிட்ட வட்டாரத்துக்கே உரியது எனச் சட்டப்படி பதிவு செய்யும் உரிமையும், பெற்றுள்ளது. அங்கே கலை அறுபடாமல் தொடர்ந்தது. சிட்டிலிங்கியில் அறுந்த நூல் முடிச்சிடப்பட்டது. இரண்டாவது பணியே கடினமானது.

தொன்மைச் சின்னங்களுக்கான 1958ஆம் ஆண்டுச் சட்டம் ரஞ்சன்குடி போன்ற கோட்டைகளை மாற்றத்திலிருந்து காக்கிறது. கல்லுக்கு அது பொருந்தும். மனிதரிடம் வாழும் மரபுகளைக் காப்பதற்கென யுனெஸ்கோ 2003இல் வகுத்து, 2005இல் இந்தியா ஏற்ற உடன்படிக்கையோ, மரபு தலைமுறைதோறும் புதிதாக்கப்படுவது என்பதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறது. போர்கைப் பெண்கள் இன்று தைப்பது பேட்டியாவும் காஞ்சளியும் அல்ல. இயற்கை முறையில் விளைந்த பருத்தித் துணியில் குர்த்தா, பை, திண்டு உறை ஆகியவற்றையே தைக்கின்றனர். இது மரபின் சிதைவு என்று குறை கூறுவோர், அந்தப் பெண்களுக்குக் கூலி எங்கிருந்து வர வேண்டும் என்பதற்கும் விடை கூறக் கடமைப்பட்டவர்கள்.

உண்மையான கவலை வேறிடத்தில் இருக்கிறது. தையலுக்குச் சந்தை உண்டு. மொழிக்கும் பாட்டுக்கும் இல்லை. கூடைகளில் கோதுமை முளைக்கவைத்து மணமாகாத பெண்கள் ஒன்பது நாள் பாடிக் கொண்டாடும் தீஜ் விழாவின் பாடல்கள், தனி எழுத்தில்லாத அம்மொழியிலேயே வாழ்கின்றன. ஆந்திரத்தில் தெலுங்கு எழுத்திலும், கருநாடகத்தில் கன்னட எழுத்திலும் அம்மொழியில் எழுதும் வழக்கம் உண்டு; 1970இலேயே ரொனால்டு டிரெயில் அதற்கு ஓர் இலக்கண நூல் இயற்றினார். அதே மக்கள் தெலங்கானாவிலும் ஆந்திரத்திலும் பழங்குடியினராகவும், கருநாடகத்தில் பட்டியல் சாதியினராகவும், தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட வகுப்பினராகவும் வகைப்படுத்தப்பட்டுள்ளதால், அவர்களுக்கான கல்வி உதவிகளும் பண்பாட்டுத் திட்டங்களும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. தையல்களின் பெயர்களையும், அவற்றைக் கற்பிக்கும்போது மூத்த பெண்கள் சொல்லும் சொற்களையும், ஊசியோடு சேர்ந்து வரும் பாடல்களையும் தமிழ் எழுத்தில் பதிவு செய்யும் வேலைக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஓர் ஒலிப்பதிவுக் கருவியும், தாண்டாவிலேயே பிறந்து பள்ளிப்படிப்பை முடித்த இளம்பெண்கள் சிலரும், அவர்களுக்கான ஊதியமும் போதும். கற்பித்த அம்மூத்த தலைமுறையின் குரல் கேட்கும் காலத்திலேயே அது செய்யப்பட வேண்டும்.