திருகோணமலை வழியாக வந்த சூரிய முன்னறிவிப்பு

மழை வருமா என்று பார்ப்பதுபோல, இன்று சூரிய வெடிப்பு வருமா, காந்தப்புயல் எழுமா என்றும் தினமும் பார்க்க முடிகிறது. இந்த வழக்கம் நடந்து வந்த பாதை நெடியது. அதில் திருகோணமலையும் ஒரு தரிப்பிடம்.

1859 செப்டம்பர் 1. இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேரிங்டன் சூரியப்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார். அவற்றின் மேல் திடீரென வெண்ணொளி மின்னியது. பதினேழரை மணி நேரத்தில் பூமியில் காந்தப்புயல். தந்திக் கம்பிகளில் தீப்பொறி. கிழக்கிந்தியக் கம்பனி கப்பல்களுக்கு நேரம் கணிக்க வைத்த பம்பாய் கொலாபா ஆய்வகம் அந்தப் புயலை அளந்து வைத்தது.

1871 டிசம்பர் 12இன் முழுச் சூரிய கிரகணம் ஊட்டி, யாழ்ப்பாணம், திருகோணமலை எனக் கடந்தது. திருகோணமலையில் நின்று சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவை நிறமாலைமானியால் ஆராய்ந்தவர் ஹென்றி மோஸ்லி என்ற இயற்கையியலாளர். கொரோனாவில் தெரிந்த ஒரு பச்சைக் கோடு அன்றைய பெரும் புதிர். புதிய தனிமம் என்று எண்ணி அதற்குக் ‘கொரோனியம்’ என்று பெயரும் வைத்தார்கள். பின்னாளில் தனிமங்களுக்கு அணு எண்ணால் வரிசை அமைத்தவர் இந்த மோஸ்லியின் மகனே. அந்த வரிசையில் கொரோனியத்துக்கு இடமில்லை!

1876இல் தாது வருடப் பஞ்சம் வந்தது. சூரியப்புள்ளிகளைக் கொண்டு பருவமழையைக் கணிக்கலாம் என்ற நம்பிக்கை வலுத்தது. 1899இல் கொடைக்கானல் ஆய்வகம் எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மழைக் கணிப்பு கைகூடவில்லை. ஆனால் நாள்தோறும் சூரியனைப் படமெடுக்கும் பழக்கம் நிலைத்தது.

1928இல் பாரிஸின் ஈபில் கோபுரத்திலிருந்து சூரிய, புவிக்காந்தச் செய்திகள் வானொலி வழியே பரவின. ‘யுர்சிகிராம்’ என்ற அந்த முறையைப் பிற நாடுகளும் பின்பற்றின. 1942 பெப்ரவரியில் பிரித்தானிய ராடார்கள் இரைச்சலில் மூழ்கியபோது, ஜேர்மனியரின் வேலை என்றே பலரும் ஐயுற்றனர். ஆராய்ந்த ஜேம்ஸ் ஹேய், இரைச்சல் ஒரு பெரும் சூரியப்புள்ளியிலிருந்து வருவதைக் கண்டார். ஆறு கிழமைகளில், ஏப்ரல் 9 அன்று, திருகோணமலையைத் தாக்க வந்த ஜப்பானிய விமானங்களை முன்கூட்டியே கண்டதும் ராடார்தான்.

போர் முடிந்தபின் சிற்றலை வானொலிக்கும் சூரியக் கணிப்பு தேவைப்பட்டது. 1980களில் ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி, திருகோணமலையில் சிற்றலை மறுஒலிபரப்பு நிலையம் அமைத்தது. சூரியப்புள்ளிகள் மலியும் ஆண்டுகளில் உயர்ந்த அலைவரிசைகளும், குறையும் ஆண்டுகளில் தாழ்ந்தவையும் சிற்றலைக்குக் கைகொடுக்கும்.

பச்சைக் கோட்டின் புதிர் 1940களின் தொடக்கத்தில் அவிழ்ந்தது. பத்து லட்சம் பாகையளவு வெப்பத்தில் 13 எலக்ட்ரான்களை இழந்த இரும்பின் ஒளி அது. 2023இல் ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 விண்கலத்தின் கருவி ஒன்று இதே கோட்டில் கொரோனாவைக் கவனிக்கிறது. அதை உருவாக்கியது, கொடைக்கானல் ஆய்வகத்தை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம்.

வெடிப்பின் ஒளி எட்டு நிமிடத்தில் நம்மை எட்டிவிடும். ஆகவே முன்னறிவிப்பாளர்கள் புள்ளிகளின் வடிவத்தைப் பார்த்து, வெடிப்புக்கான வாய்ப்பை மட்டுமே சொல்ல முடியும். பின்னால் வரும் பிளாஸ்மா மேகத்துக்கோ பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள் பிடிக்கும். மின்நிலையங்களும் விமானங்களும் கப்பல்களும் ஆயத்தமாக அந்த அவகாசம் போதும். தந்தி, மழை, போர், வானொலி என வேறு வேறு தேவைகளுக்காகச் சூரியனைப் பார்த்தவர்கள் சேர்த்துத் தந்த அவகாசம் இது.