செவியும் செய்தியும்

எங்கள் பேராசிரியரின் பணிநிறைவு மலருக்குக் கட்டுரை தரவேண்டும் என்று மலர்க்குழுவினர் பணித்தபோது தட்ட மனம் வரவில்லை. அவருடைய பட்டங்களையும் பதவிகளையும் இங்கே அடுக்கப் போவதில்லை; இதைப் படிப்போரில் பெரும்பாலோர் அவரிடம் பயின்றவர்களே. மக்கள் தொடர்புப் பாடத்தை அவர் நடத்திய முறை எந்த மரபில் வேர்கொண்டது என்பதை மட்டும் என் சிற்றறிவுக்கு எட்டியவரை எழுதுகிறேன்.

மேலைநாட்டு முன்னோடிகள்

துறையின் வரலாற்றை அவர் ஐவி லீயிலிருந்தே தொடங்குவார். 1906இல் அமெரிக்க நிலக்கரி முதலாளிகளுக்காகப் பணியாற்றிய லீ, ஒளிவுமறைவின்றிச் சரியான தகவலைப் பத்திரிகைகளுக்குத் தருவதாகக் கொள்கை அறிக்கை வெளியிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் அட்லாண்டிக் சிட்டி அருகே ரயில் ஒன்று பாலத்திலிருந்து நீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விபத்தை மூடி மறைப்பதே ரயில் கம்பெனிகளின் வழக்கமாக இருந்த காலம் அது. அந்த ரயில் கம்பெனிக்கும் பணியாற்றிய லீயோ நிருபர்களை அந்த இடத்துக்கே அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்தார்.

வகுப்பு லீயை மெச்சிக்கொண்டிருக்கும்போதே பேராசிரியர் லட்லோவுக்கு வந்துவிடுவார். 1914 ஏப்ரல் 20 அன்று கொலராடோவின் அந்த ஊரில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடாரங்கள் எரிந்து பெண்களும் குழந்தைகளும் மடிந்தனர். சுரங்க உரிமையாளரான ராக்பெல்லர் தரப்புக்காக லீ வெளியிட்ட துண்டறிக்கைகள், தொழிற்சங்கத் தலைவர்களின் ஊதியத்தைப் பன்மடங்கு மிகைப்படுத்திக் கூறின. கொள்கை எழுதிய கையே அதற்கு மாறானதையும் எழுதியது.

சிக்மண்ட் பிராய்டின் சகோதரி மகனான எட்வர்ட் பெர்னேஸ் 1923இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இப்பாடத்தை நடத்தினார். பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கென நடந்த முதல் பாடமாக அதைச் சொல்வர். 1929 ஈஸ்டர் அன்று ஐந்தாம் அவென்யூவில் பெண்கள் சிகரெட் பிடித்தபடி நடந்ததைப் பெண்விடுதலைச் செய்தியாக்கியவரும் அவரே. பின்னணியில் இருந்தது ஒரு சிகரெட் கம்பெனி. இதை வைத்துப் பேராசிரியர் தேர்வில் ஒரு கேள்வி கேட்பார்: "காசு கொடுத்தவர் யாரென்று வாசகருக்குத் தெரிந்திருந்தால் அச்செய்தி என்னவாகியிருக்கும்?"

வள்ளுவரும் ஔவையும்

மக்கள் தொடர்பு மேடைகளில் சொல்வன்மை அதிகாரத்தையும் தூது அதிகாரத்தையும் எடுத்தாளாதார் இல்லை. நம் பேராசிரியர் கை வைப்பது இறைமாட்சியில். காதுக்குக் கசக்கும் சொல்லையும் பொறுக்கும் வேந்தனின் குடைக்கீழ் உலகம் தங்கும் என்கிறார் தெய்வப்புலவர். பெரியாரைத் துணைக்கோடலிலோ, இடித்துரைப்பார் இல்லாத மன்னன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்கிறார். அந்தக் கசப்பை வெளியிலிருந்து உள்ளே கொண்டுவருவதே மக்கள் தொடர்பு அலுவலரின் முதற்பணி என்பது பேராசிரியரின் உரை. மக்கள் தொடர்பு ஆய்வாளர்களான கிரூனிக், ஹண்ட் இருவரும் 1984இல் இத்துறைக்கு நான்கு மாதிரிகளை வகுத்து, மக்கள் மட்டுமன்றி நிறுவனமும் தன்னை மாற்றிக்கொள்ளும் இருவழிச் சமநிலைத் தொடர்பை அவற்றுள் ஒன்றாக வைத்தனர். அந்தப் பாடம் நடக்கும் நாளில் பரிமேலழகர் உரையும் மேசையில் இருக்கும்.

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலங்கள் பீலியும் மாலையும் அணிந்து நெய் பூசிக் காவல்மனையில் இருப்பதையும், தம் தலைவனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை. போரின் விளைவு கேட்டவனுக்கு விளங்கியிருக்கும். புறநானூற்றின் அந்த 95ஆம் பாடலைத் துறையின் முதல் பாடமாக வைக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

வகுப்பறையில்

ஆலையில் விஷவாயு கசிந்ததாகக் கொண்டு செய்திக் குறிப்பு எழுதச் சொல்வார். "எதிர்பாராத இத்துயர நிகழ்வுக்கு நிர்வாகம் ஆழ்ந்த வருத்தத்தை..." என்று எல்லோரும் தொடங்குவோம். முதல் பத்தி முழுவதும் சிவப்பு மையில் அடிபட்டு வரும். ஓரத்தில் மூன்று கேள்விகள்: எந்த வாயு? எந்த ஆஸ்பத்திரி? உறவினர் யாரைக் கூப்பிடுவது? 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் போபாலில், கசிந்தது என்ன, அதற்கு என்ன சிகிச்சை என்று மருத்துவர்களுக்கே தெளிவாகத் தெரிவிக்கப்படவில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு சிகாகோ பகுதியில் சயனைடு கலந்த டைலினால் மாத்திரையால் 7 பேர் இறந்தபோது, ஜான்சன் அண்டு ஜான்சன் ஏறத்தாழ 3.1 கோடி புட்டிகளைத் திரும்பப் பெற்றது. இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடத்துவார்.

குறிப்பு எழுதப் பழகுமுன், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் உட்கார்ந்து, மனு கொண்டுவந்தவர் சொன்னதை அவர் சொற்களிலேயே எழுதிவரவும் அனுப்புவார்.

இளையோருக்கு

1968இல் டெல்லியில் அகில இந்திய மக்கள் தொடர்பு மாநாடு தொழில்நெறியை ஏற்ற ஏப்ரல் 21ஆம் நாளே தேசிய மக்கள் தொடர்பு தினம். மாணவச் செல்வங்களே, பொன்னாடையோடும் கேடயத்தோடும் அந்நாளை முடித்துவிடாதீர்கள். மேலதிகாரி கேட்க விரும்பாத ஒரு குறையையேனும் அன்று அவர் மேசையில் வையுங்கள். நம் ஆசிரியருக்குரிய குருதட்சிணை அதுவே. அவர் நலமுடன் நீடு வாழ எல்லாம் வல்ல இறைவன் அருள்க!