மூன்று புள்ளிகளும் கேட்ட செவியும்

கம்பியில்லாத் தந்தியின் வரலாறு பற்றி எம்மவரிடையே பேச்செழும்போது அது பெரும்பாலும் உரிமைப் பிரச்சினையாகவே முடிந்துவிடுகிறது. கண்டுபிடித்தவர் மார்க்கோனியா, ஜகதீஷ் சந்திர போஸா? கேள்வி நியாயமானதே. ஆயினும் அதற்கு முந்திய கேள்வியொன்று உண்டு. 1901 டிசம்பர் 12ஆம் திகதி, நியூபவுண்ட்லாந்தின் சிக்னல் ஹில்லில் உண்மையில் கேட்டது என்ன?

இங்கிலாந்தின் கோர்ன்வோல் கரையிலிருந்த போல்டு நிலையம், மோர்ஸ் குறியீட்டில் 'எஸ்' எழுத்தைக் குறிக்கும் மூன்று புள்ளிகளை, முன்னரே பேசிக்கொண்ட நேரங்களில் அனுப்பியது. ஏறத்தாழ 3,500 கிலோமீற்றருக்கு அப்பால் மார்க்கோனியும் உதவியாளர் ஜோர்ஜ் கெம்ப்பும் பட்டமொன்று தூக்கிய கம்பியோடு காத்திருந்தனர். காற்றில் பட்டம் ஏறியிறங்க, கம்பியின் மின்னியல்பும் மாறியது. இசைவு செய்யப்பட்ட வாங்கி பயன்படவில்லை. மார்க்கோனி பாதரச உணர்கருவியொன்றைத் தொலைபேசிக் குழலோடு இணைத்துக் காதில் வைத்தார். நாடாவில் எதுவும் பதியவில்லை. கேட்டதாகச் சொன்னவர்கள் அவ்விருவர் மாத்திரமே.

அக்கருவி இத்தாலியக் கடற்படையின் பெயரால் அழைக்கப்பட்டது. ஆனால் இரும்பும் பாதரசமும் கொண்ட, தட்டிவிடாமலே தானாக மீளும் உணர்கருவியைப் போஸ் 1899இலேயே இலண்டன் றோயல் சொசைற்றிக்கு அளித்த கட்டுரையில் விவரித்திருந்தார். 1998இல் புரோபிர் பந்தோபாத்யாய் இவ்வழக்கை விரிவாக எடுத்துரைத்தார். போஸின் பக்கம் வலுவானது என்பதே என் கருத்து. எனினும் கருவி போஸுடையது என நிறுவிவிட்டால், கேட்டது போல்டுவின் புள்ளிகள்தான் என்று ஆகிவிடாது.

கனடியப் பொறியியலாளர் ஜோன் பெல்றோஸ் போன்றோர் ஐயுற்றது இதனையே. நேரமோ நண்பகல், அட்லாண்டிக் எங்கும் பகல் வெளிச்சம். அத்தகைய நீண்ட அலைகளை வளிமண்டலத்தின் மேலடுக்கு பகலில் பெரிதும் உறிஞ்சிவிடும். தொலைதூர மின்னலும் குழலில் சொடுக்கென்றே ஒலிக்கும். மூன்று சொடுக்குகளை எதிர்பார்த்திருக்கும் செவி அவற்றை எங்கிருந்தும் பொறுக்கிக்கொள்ளும். 1902 பெப்ரவரியில் பிலடெல்பியா கப்பலில் குறிகள் நாடாவில் பதிந்தன. கப்பல் தலைவரும் சாட்சிக் கையொப்பமிட்டார். இரவில் 3,300 கிலோமீற்றருக்கு மேல் எட்டியவை, பகலில் ஏறத்தாழ 1,100 கிலோமீற்றரோடு நின்றுவிட்டன.

அப்படியாயின் எதிர்பார்ப்பே குற்றமா? அன்று. இன்றைய கைத்தொலைபேசியும் எதிர்பார்ப்பின் மேல்தான் இயங்குகிறது. இரு தரப்பும் முன்னரே அறிந்த குறிகள் இடையிடையே அனுப்பப்படும். வந்து சேர்ந்ததை அறிந்ததோடு ஒப்பிட்டு, கட்டடங்களில் மோதித் தெறித்து வந்த வழி அலையை என்ன செய்தது என்பதை வாங்கி மதிப்பிடுகிறது. 'எஸ்' எழுத்தும் அத்தகையதே. அது செய்தி சொல்லவில்லை, வழியையே சோதித்தது.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. இவ்வொப்பீடு கருவி நேரானது என்று எடுத்துக்கொள்கிறது. உண்மையில் மலிவான பெருக்கி வலுவான அலையை வளைக்கும், அலையாக்கி நடுங்கும். கருவியின் கோணல் வழியின் குற்றமாகக் கணக்கில் ஏறும். வலுவைக் கூட்டினால் வெளியிரைச்சலை மேவலாம். ஆனால் கோணலும் கூடவே வளர்வதால் பிழை ஒரு மட்டத்துக்குக் கீழ் இறங்காது. கோணலின் இயல்பை அறிந்து கணக்கில் சேர்ப்பதே பரிகாரம்.

மொன்றியலில் நான் வேலை செய்யும் உலோகத் தொழிற்சாலையில், துண்டுகளை அளக்குமுன் அளவு தெரிந்த எஃகுக் கட்டையை அளந்து கருவியையே முதலில் பரிசோதிக்கிறோம். விரிவுரை மண்டபத்தில் நான் கோட்பாடாகக் கற்பித்தது இங்கு தினசரி வேலை.

இந்நகருக்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்குண்டு. 1920 மே 20இல் மார்க்கோனி கம்பனியின் மொன்றியல் நிலையமான எக்ஸ்.டபிள்யூ.ஏ. அனுப்பிய இசையை, ஒட்டாவாவில் கூடியிருந்த கனடிய றோயல் சொசைற்றியின் சபை கேட்டது. அதனை இருவரின் காதை மட்டும் நம்பி ஏற்கவேண்டியிருக்கவில்லை.

1983க்குப் பின்னரான எமது காலத்தின் வாய்மொழிச் சாட்சியங்களைத் திரட்டும் முயற்சிகள் பற்றி இன்று பலர் பேசுகின்றனர். கேட்டவரும் தாம் கேட்க விரும்பியதோடுதான் கேட்டார் என்பதை அம்முயற்சிகள் மறக்கக்கூடாது. ஒவ்வொரு சாட்சியத்தின் அருகிலும் திகதி, உடனிருந்தோர், அவ்வேளை சொல்பவரும் பதிபவரும் நின்ற அரசியல் நிலை ஆகியன எழுதப்படவேண்டும். இதனைச் செய்யாது குரலை மாத்திரம் உயர்த்தும் விவாதங்களில் கோணலும் சேர்ந்தே உயரும். இது குறித்து வாசகர்கள் எழுதவேண்டும்.