17-க்கு 5: காஸ்ட் ஆய்வின் இறப்புப் பட்டியலை மறுபடி வாசித்தல்

மாரடைப்பிலிருந்து மீண்டவர்களுக்கு என்கைனைடும் ஃபிளெகைனைடும் கொடுத்தபோது கீழறையின் எக்டோபிக் துடிப்புகள் அடங்கின, இறப்போ கூடியது. 1989-இல் காஸ்ட் ஆய்வின் அந்தப் பகுதி நிறுத்தப்பட்டதிலிருந்து இதற்கு ஒரே விளக்கம் வேரூன்றிவிட்டது: சோடிய வாய்க்கால்களை அடைக்கும் இம்மருந்துகள் வடுப்பட்ட தசையில் மின்கடத்தலைத் தாமதப்படுத்தி, தாமாகவே புதிய அரித்மியாவைக் கிளப்பின. இவ்விளக்கம் பாதி அளவே சரி என்பது என் வாதம். வடுவும் மருந்தும் சேர்ந்தால் மட்டும் அத்தனை சாவுகளுக்குக் கணக்குச் சொல்ல முடியாது. புதிதாக ஏற்படும் இரத்த ஓட்டத் தடையும், அவ்வேளையில் நரம்பு முனைகளிலிருந்து பொங்கும் நார்அட்ரினலினும் உடன் வேண்டும்.

இதற்கான சான்று 1991-இல் வெளியான இறுதி அறிக்கையிலேயே இருக்கிறது. ஆய்வில் இருந்தவர்கள் 1,498 பேர், சராசரிக் கண்காணிப்பு 10 மாதம், இறப்பு 89. அரித்மியா இறப்புகள் மருந்துப் பிரிவில் 43, போலிமாத்திரைப் பிரிவில் 16. பாடநூல்கள் இந்த வரியோடு நின்றுவிடுகின்றன. அடுத்த வரியைப் படிக்க வேண்டும்: அரித்மியா அல்லாத இதயக் காரணங்களால் இறந்தோர் மருந்துப் பிரிவில் 17, போலிமாத்திரைப் பிரிவில் 5. அவர்களுள் மாரடைப்போடு அதிர்ச்சிநிலை கண்டு இறந்தவர்கள் முறையே 11 பேர், 3 பேர். நாட்பட்ட இதயச் செயலிழப்பால் இறந்தவர்கள் 4 பேர், 2 பேர்.

மருந்தின் தீங்கு அரித்மியாவைக் கிளப்பியதோடு முடிந்ததென்றால் முதல் வரி மட்டும்தான் உயர்ந்திருக்கும். இரண்டாவது வரியும் மும்மடங்குக்கு மேல் உயர்ந்திருக்கிறதே, ஏன்? ஆய்வுக் குழுவினரின் பிந்தைய பகுப்பாய்வு ஒன்று, உயிர் பிழைத்த இரத்தக்குறை நிகழ்வுகள் மருந்துப் பிரிவில் குறைவாகவே இருந்ததைக் காட்டியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மருந்து இரத்தக்குறை நிகழ்வுகளைத் தடுத்தது என்று கொள்ள இடமில்லை. பிழைத்திருக்கக்கூடிய நிகழ்வுகள் சாவில் முடிந்தன என்றே கொள்ளத் தோன்றுகிறது.

காலக் கணக்கும் இப்பக்கமே சாய்கிறது. முன்னோட்டக் கட்டத்தில் மருந்துக்கு எக்டோபிக் துடிப்புகள் அடங்கியவர்கள் மட்டுமே குலுக்கலுக்கு வந்தார்கள். மருந்து தொடங்கியதுமே துடிப்பு மோசமானவர்கள் அங்கேயே விலக்கப்பட்டார்கள். அதன் பிறகும் இறப்புகள் தொடக்க நாட்களில் குவியாமல் கண்காணிப்புக் காலம் முழுவதும் பரவிக் கிடந்தன. வடு நாள்தோறும் இருப்பது, மாத்திரையும் நாள்தோறும் உட்கொள்வது. அப்படியிருக்க, ஒருவர் எட்டாம் மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் இறந்தார் என்றால், அன்று புதிதாக ஏதோ நேர்ந்திருக்க வேண்டும்.

அன்று நேர்வது என்ன என்பதைச் செல்லின் அளவில் பார்க்கலாம். இரத்தம் நின்ற சில நிமிடங்களில் செல்லுக்கு வெளியே பொட்டாசியம் ஏறுகிறது, ஓய்வு மின்னழுத்தம் தளர்கிறது, சோடிய வாய்க்கால்களில் பல திறக்க முடியாத நிலையில் சிக்குகின்றன. ஃபிளெகைனைடு வாய்க்காலைப் பற்றினால் மெதுவாகத்தான் விடும். இரு துடிப்புகளுக்கு நடுவே கிடைக்கும் ஓய்வில்தான் அந்த விடுதலை நடக்க வேண்டும். நார்அட்ரினலின் துடிப்பை விரைவாக்கி அந்த ஓய்வையே சுருக்குகிறது. அதனால் ஒவ்வொரு துடிப்பிலும் அடைப்பு கூடிக்கொண்டே போகிறது. ஃபிளெகைனைடு எடுப்பவரை ட்ரெட்மில்லில் நடக்கவைத்தால், ஓய்வு ஈசிஜியில் ஒழுங்காகத் தெரிந்த க்யூஆர்எஸ் அலை வேகம் ஏற ஏற அகன்றுவருவதைக் காண முடியும். இரத்தம் குன்றிய தசையில் இதே அடைப்பு கடத்தலை ஒரு திசையில் முற்றாக நிறுத்தி மறுநுழைவுக்கு வழிவிடும். அந்தச் சுழல் உண்டாகாத நோயாளியிடத்திலும், உயிரோடு எஞ்சிய தசையின் சுருக்கம் மருந்தால் மங்கி, அதிர்ச்சிநிலை நெருங்கும்.

சுருங்குதிறன் குறைந்ததே 17-க்குப் போதிய விளக்கம் என்பார்கள். அப்படியானால் நாட்பட்ட செயலிழப்பு இறப்புகள் முன்னணியில் நின்றிருக்க வேண்டும். அங்கே இருப்பது 4-க்கு 2. இறப்பின் காரணத்தை வகைப்படுத்தியதில் பிழை இருக்கலாம் என்ற ஐயம் எந்த ஆய்வுக்கும் பொருந்துவது. அதை இந்த ஒரு வரிக்கு மட்டும் எழுப்புவது நியாயமாகாது.

கனமான தடை வேறொன்று. மாரடைப்புக்குப் பின் ஆறிவரும் நாய் இதயங்களில் புதிய இரத்தக்குறை ஏதுமின்றியே ஃபிளெகைனைடு மறுநுழைவை எளிதாக்கியிருக்கிறது. இதை மறுக்க மாட்டேன்; பழைய விளக்கத்தைப் பாதி சரி என்றது இதனால்தான். ஆனால் ஆய்வகத்தில் மின்தூண்டல் கொடுத்துத்தான் பெரும்பாலும் அந்தச் சுழல் தொடங்கப்படுகிறது. வீட்டிலிருக்கும் நோயாளிக்கு அந்தத் தூண்டலைத் தருவது எது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

காஸ்ட் நோயாளிகளுள் பீட்டா தடுப்பான் உட்கொண்டிருந்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. அது குலுக்கலில் ஒதுக்கப்பட்ட மருந்து அன்று. உடல்நிலை தேறியவர்களுக்கே அது எழுதித்தரப்பட்டிருக்கலாம். அதனால் இதைத் துணைச்சான்றாக மட்டுமே வைக்கிறேன். ஆனாலும் பரிவு நரம்பின் பங்கு பற்றிய என் வாசிப்புக்கு அது நன்றாகவே இசைகிறது.

கட்டமைப்புக் கோளாறு உள்ள இதயம் என்ற ஒரே தலைப்பின்கீழ் இன்று ஃபிளெகைனைடு விலக்கப்படுகிறது. குருதிநாளம் சீராக்கப்பட்டு, வடு மட்டும் எஞ்சிய இதயமும், இன்னும் சுருங்கிய தமனியோடு மாடிப்படி ஏறும் இதயமும் அங்கே ஒன்றாக எண்ணப்படுகின்றன. விலக்கைத் தளர்த்தச் சொல்லும் அளவுக்கு என் சான்று போதாது. இவ்விரு வகையினரையும் பிரித்து, பீட்டா தடுப்பானைக் குலுக்கலில் ஒதுக்கி ஆராய்ந்தால், முதல் வகையினரிடம் அந்த 17-க்கு 5 என்ற இடைவெளி பெருமளவு குறுகும் என்றே எதிர்பார்க்கிறேன்.