பேரிடர் பொம்மைகள்: இடித்துக் கட்டும் விளையாட்டின் வரலாறு

வெள்ளம், தீ, கப்பல் மூழ்குதல், ரயில் கவிழ்தல் போன்ற அழிவுகளைக் கருவாகக் கொண்ட விளையாட்டுப் பொருட்களைப் பேரிடர் பொம்மைகள் எனலாம். மேலைநாடுகளில் இவை பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கடைகளில் விற்பனையாயின. அவற்றோடு விளையாடிய தலைமுறை இன்று முதுமை அடைந்து, அந்தப் பழைய பெட்டிகளைத் தேடித்தேடி வாங்குகிறது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அத்தகைய பெட்டிகளைப் பார்ப்பது அரிது. ஆனால் அழிவை விளையாட்டாக்கும் வழக்கம் நம்மிடமும் பழமையானதே.

சிற்றில்

பழந்தமிழ்ச் சிறுமியர் கடற்கரையிலும் தெருமணலிலும் கட்டிய சிறுவீடு ‘சிற்றில்’ எனப்பட்டது. அதை அலை அழிக்கும். இல்லாவிட்டால் குறும்புக்காரச் சிறுவன் காலால் சிதைப்பான். கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் இக்காட்சி வருகிறது. ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் ஆயர் சிறுமியர், தம் சிற்றிலைச் சிதைக்க வேண்டாம் என்று கண்ணனிடம் கெஞ்சுகின்றனர். பின்னர் ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஒன்றாகவே சிற்றில் பருவம் அமைந்தது. ஒரு வீடு இடிவது இந்த விளையாட்டின் நடுவில் நிகழ்வது, முடிவில் அன்று. இடிந்த மணலைக் கூட்டி மறுபடியும் கட்டுவதும் விளையாட்டின் பகுதியே.

கொலுப்படியில் ஒரு வெள்ளம்

நவராத்திரிக் கொலுவில் வைக்கும் ‘செட்’ பொம்மைகளில் கோவர்த்தனகிரி செட் ஒன்று உண்டு. இந்திரன் பொழிந்த பெருமழைக்கு அஞ்சிய ஆயரும் பசுக்களும் கன்றுகளும், கண்ணன் தூக்கிப் பிடித்த மலையின் அடியில் ஒதுங்கி நிற்பார்கள். தசாவதார செட்டில் முதலில் நிற்கும் மச்ச அவதாரமும் ஊழிவெள்ளத்தின் கதைதான். பண்ருட்டியிலும் மதுரையை அடுத்த விளாச்சேரியிலும் களிமண்ணாலும் காகிதக்கூழாலும் கொலுப் பொம்மைகள் செய்யப்படுகின்றன. கொலுப் பொம்மையைத் தொட்டு விளையாடப் பெரியவர்கள் விடுவதில்லை. ஆயினும் எந்தப் பசு எங்கே நிற்க வேண்டும் என்று அடுக்குவதில் பிள்ளைகளுக்கும் பங்கு கிடைக்கும்.

இதற்கு இணையான ஒன்று ஐரோப்பாவிலும் இருந்தது. ஜெர்மனியின் எர்ட்ஸ்கெபிர்கே மலைப்பகுதித் தச்சர்கள் நோவாவின் பேழையையும், அதில் ஏறும் விலங்குகளையும் மரத்தில் செய்து பல நாடுகளுக்கு அனுப்பினர். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை பொம்மைகளைத் தொடக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்த வீடுகளிலும், விவிலியக் கதை என்பதால் இந்தப் பேழைக்கு மட்டும் விலக்கு கிடைத்தது.

தொழிற்சாலைப் பெட்டிகள்

20ஆம் நூற்றாண்டில் புராணத்தின் இடத்தைச் செய்தித்தாள் பிடித்துக்கொண்டது. 1912இல் டைட்டானிக் மூழ்கியபின், ஸ்டைஃப் நிறுவனம் இங்கிலாந்துச் சந்தைக்காகக் கறுப்பு நிறக் கரடி பொம்மைகளைச் செய்தது. அவை துக்கக் கரடிகள் என்று பெயர் பெற்றன. 1950–51இல் அமெரிக்காவின் கில்பர்ட் நிறுவனம் சிறுவர்களுக்கான அணு ஆய்வுப் பெட்டி ஒன்றை விற்றது. அதில் கதிர்வீச்சை அளக்கும் கருவியோடு உண்மையான யுரேனியத் தாதுத் துண்டுகளும் இருந்தன. அதே நாட்டின் லயனல் நிறுவனம், ஏவுகணை பட்டதும் வெடித்துச் சிதறும் சரக்கு ரயில் பெட்டியைச் செய்தது. சிதறிய பலகைகளைப் பொருத்தி மீண்டும் ஓட்டலாம். 1976இல் ஐடியல் நிறுவனம் டைட்டானிக் மூழ்குவதையே பலகை விளையாட்டாக்கியது. கப்பல் மூழ்க மூழ்க, ஆட்டக்காரர்கள் பயணிகளைக் காப்பாற்றிப் படகேற்ற வேண்டும்.

இன்று பார்த்தால் விந்தையாகவும் சற்றுக் கொடூரமாகவும் தோன்றும். ஆனால் குழந்தைகளுக்கு இது புதிதல்ல. இரண்டாம் உலகப்போரின்போது லண்டனில் குழந்தைகள் காப்பகம் நடத்திய அன்னா ஃபிராய்ட், குண்டுவீச்சைக் கண்ட பிள்ளைகள் அதையே விளையாடியதைப் பதிவு செய்திருக்கிறார். கையளவாகச் சுருக்கிய அழிவைக் குழந்தையால் நிறுத்தவும் முடியும், மறுபடி தொடங்கவும் முடியும்.

கரிசல் மண்ணில்

சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாக் கடைகளில் என் வயதினர் ஆசைப்பட்டது தகரப் படகு. உள்ளிருக்கும் சிறு கொப்பரையில் நீர் நிரப்பித் திரியை ஏற்றினால், ஆவி குழாய் வழியே நீரைத் தள்ள, படபடவென்று ஓடும். இதற்கு மூலமான காப்புரிமை 1891இல் இங்கிலாந்தில் பெறப்பட்டது. அண்டாத் தண்ணீரில் படகை விட்டு, கூழாங்கல் ஏற்றி மூழ்கடித்து, பிறகு மீட்பதே எங்கள் ஆட்டம்.

காசில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் காலித் தீப்பெட்டிகள் இருந்தன. நூலில் கோத்தால் ரயில், அடுக்கினால் மாடிவீடு, விரலால் சுண்டினால் விபத்து. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டிக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் இந்தப் பொம்மைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பெட்டி ஒட்டியதும் கட்டை அடுக்கியதும் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளுமே. பள்ளிக்கு வர வேண்டிய கைகள் அவை. தீ விபத்து என்பது இந்த வட்டாரத்தில் விளையாட்டுச் சொல் அன்று. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நினைவின் இனிமையோடு இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

சுனாமிகா

தமிழ்நாட்டில் ஒரு பேரிடரிலிருந்தே பிறந்த பொம்மை சுனாமிகா. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 உயிர்களைப் பறித்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேல். அதற்கடுத்த மாதங்களில், ஆரோவில்லில் உள்ள உபாசனா வடிவமைப்புக் கூடமும் அதன் நிறுவனர் உமா பிரஜாபதியும் மீனவப் பெண்களுக்குத் துணிப் பொம்மை செய்யப் பயிற்சி அளித்தனர். ஆடைத் தயாரிப்பில் மிஞ்சிய துண்டுத் துணியில், விரல் நீளத்தில் ஒரு சிறு பெண் உருவம். இதற்கு விலை கிடையாது, அன்பளிப்பாகவே கொடுப்பார்கள். பெற்றவர்கள் தரும் நன்கொடையால் பணி தொடர்ந்தது. பொம்மை பல நாடுகளுக்குச் சென்றது. அதன் கதை சிறுவர் நூலாகவும் வந்தது.

சுனாமிகாவில் அலையும் இல்லை, இடிந்த வீடும் இல்லை. உறவுகளையும் உடைமைகளையும் இழந்த ஊர்ப் பெண்கள் கையில் ஊசி எடுத்தார்கள் என்பதே அதில் தெரியும் பேரிடர்.

பாதுகாக்க வேண்டியவை

வெளிநாட்டுப் பெட்டிகள் சேகரிப்பாளர்களின் அலமாரியில் பத்திரமாக உள்ளன. மணல்வீட்டுக்கும் தீப்பெட்டி ரயிலுக்கும் அலமாரி இல்லை. விளையாடியவர்களின் நினைவே அவற்றின் இருப்பிடம். மாணவர்கள் தம் வீட்டுப் பெரியவர்களிடம், எதை வைத்து விளையாடினீர்கள், உடைந்தபின் என்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுதிவைக்கலாம். இரண்டாவது கேள்வியை விட்டுவிட வேண்டாம். கவிழ்ந்த தீப்பெட்டி ரயிலை நிமிர்த்த மண்ணெண்ணெய் டின்னில் கிரேன் செய்தவர்களும், ஆஸ்பத்திரி கட்டியவர்களும் அந்தப் பதில்களில்தான் கிடைப்பார்கள்.